துனிசியா: 1956இன் சட்டம் நின்றது, 2014இன் அரசமைப்பு ஏன் விழுந்தது?

மட்டுநகர் வாசகி

எல்லோருக்கும் ஸலாமும் வணக்கமும். இங்கே இலங்கையின் கிழக்கில் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத் திருத்தம் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் துனிசியாவை இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறார். எங்கள் சட்டம் 1951இல் வந்தது. அதன்படி மணப்பெண் கையெழுத்துப் போட வேண்டியதே இல்லை, வலி, அதாவது அவளுடைய பாதுகாவலர், போட்டால் போதும். ஒரு பெண் காதியாக, அதாவது முஸ்லிம் குடும்ப வழக்குகளை விசாரிக்கும் நீதிபதியாக, வரவும் முடியாது.

"துனிசியாவில் 1956லேயே இதையெல்லாம் மாற்றிவிட்டார்கள், அவர்களும் முஸ்லிம்கள்தானே?" என்று ஒருவர் கேட்பார். "அது மார்க்கம் பிடிக்காத ஒரு சர்வாதிகாரி மேலிருந்து திணித்தது, மக்கள் கேட்டு வந்ததா?" என்று இன்னொருவர் எழுந்து நிற்பார். அத்தோடு கூட்டம் கலைந்துவிடும். இதில் எது உண்மை? 2011 புரட்சிக்கு அப்புறம் அந்தச் சட்டத்துக்கு என்ன ஆனது? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

காயல்காற்று

இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

துனிசியா பிரான்ஸிடமிருந்து விடுதலை பெற்றது 1956 மார்ச் 20. திருமணம், மணவிலக்கு, வாரிசுரிமை பற்றிய தனிநபர் நிலைச் சட்டம் வெளிவந்தது அதே ஆண்டு ஆகஸ்ட் 13. நடுவில் ஐந்து மாதம்கூட இல்லை. அப்போது நாடு குடியரசாகக்கூட ஆகவில்லை. பெயருக்கு ஒரு மன்னர் இருந்தார், ஆட்சி பிரதமர் ஹபீப் பூர்கிபா கையில் இருந்தது. அவையில் வைத்து விவாதித்து வாக்கெடுத்த சட்டம் இல்லை அது, ஆணையாக வந்தது. அந்த வகையில் "மேலிருந்து வந்தது" என்பது சரிதான்.

என்ன மாறியது? பலதார மணம் குற்றமானது, மீறினால் ஓராண்டுச் சிறை. வாயால் தலாக் சொல்லி அனுப்பிவிடும் வழி அடைபட்டது. கணவனோ மனைவியோ, மணவிலக்கு வேண்டுமானால் நீதிமன்றப் படி ஏற வேண்டும். இருவர் சம்மதமும் இல்லாமல் நிக்காஹ் செல்லாது. பெண்ணின் திருமண வயது முதலில் 15 என்று இருந்தது, 1964இல் 17 ஆனது, 2007இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் 18 ஆனது.

ஆனால் "யாரும் கேட்கவில்லை" என்பது தவறு. 1930லேயே தாஹிர் ஹத்தாத் இதைக் கேட்டார். அவர் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர் இல்லை. துனிஸ் நகரத்து ஸைதூனா மார்க்கக் கல்விக்கூடத்தில் ஓதியவர், தொழிற்சங்கக்காரர். குர்ஆனையும் ஷரீஅத்தையும் முன்வைத்தே பெண்களுக்கான உரிமைகளை வாதாடினார். அதற்காக ஆலிம்கள் அவரை ஒதுக்கினார்கள், பிழைப்புக்கும் வழியடைத்தார்கள். 1935இல் வறுமையில் இறந்துபோனார். பூர்கிபா சட்டத்தைக் கொண்டுவந்தபோது அவர் சொன்ன நியாயமும் இஜ்திஹாத், அதாவது மார்க்க மூலங்களிலிருந்து நேரடியாகத் தீர்வு காண்பதுதான்: மனைவியரிடையே நீதி செலுத்த உங்களால் முடியாது என்று குர்ஆனே சொல்கிறது, பிறகு எதற்கு இரண்டாவது மனைவி என்பதுதான் வாதம். அந்த வாதத்தை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் பாடு. ஆனால் அது மார்க்கத்துக்கு வெளியே நின்று பேசிய பேச்சு அல்ல.

அதே பூர்கிபாதான் ஸைதூனாவின் கல்விப் பொறுப்பைப் பறித்தார், எதிர்க்கட்சிகளை ஒழித்தார், 1975இல் தன்னை வாழ்நாள் அதிபராக்கிக்கொண்டார். இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பேனாமுனை

காயல் காக்கா (அண்ணன்) எழுதியதை வைத்தே கேட்கிறேன். ஹத்தாத் 26 வருடம் முன்னால் கேட்டார், கிடைத்தது அவமானம். பூர்கிபா ஒரு கையெழுத்துப் போட்டார், சட்டம் வந்துவிட்டது. இதிலிருந்து என்ன தெரிகிறது? மதத் தலைமைக்கு எதிராகப் பலமான ஒரு ஆள் நின்றால்தான் இந்தச் சமூகங்களில் எதுவும் நகரும். துருக்கியில் அட்டதுர்க் செய்ததும் அதுதான். ஜனநாயகம் வந்தால் பெரும்பான்மை இதையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்ளும். 2011இல் துனிசியாவில் முதல் சுதந்திரமான தேர்தல் நடந்ததும் ஜெயித்தது யார்? இஸ்லாமியவாதக் கட்சியான அந்நஹ்தா. 217 இடங்களில் 89.

கத்தார் இரவுப்பணி

பேனாமுனை தோழருக்கு ஒன்று. அந்தப் "பலமான ஆள்" பெண்களுக்குக் கொடுத்ததை மட்டும் எண்ணுகிறீர்கள், எடுத்ததையும் எண்ணுங்கள். 1981இல் ஒரு சுற்றறிக்கை வந்தது, 108ஆம் எண். அரசு அலுவலகத்திலும் பள்ளியிலும் முக்காடு போடக் கூடாது. பூர்கிபாவுக்கு அடுத்து வந்த அதிபர் பென் அலி காலத்தில் அது இன்னும் கடுமையானது.

தோஹாவில் எங்கள் மருத்துவமனையில் ஒரு துனிசியத் தாதி இருக்கிறார். அவருடைய ராத்தா (அக்கா) கல்லூரிக்குப் போன காலத்தில், வாசலுக்கு முன்னால் இருந்த ஒரு கடையின் பின்பக்கம் போய் முக்காட்டைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு உள்ளே போவாராம். மாலையில் அதே கடையில் மறுபடி போட்டுக்கொண்டு பஸ் ஏறுவாராம். காவல்காரர்கள் பையைத் திறந்து பார்ப்பார்களோ என்று பரீட்சை நாட்களில் வயிறு கலங்குமாம். அந்தக் குடும்பம் 2011இல் அந்நஹ்தாவுக்கு வாக்களித்ததில் என்ன ஆச்சரியம்? நாலு மனைவி கட்டிக்கொள்ளவா வாக்களித்தார்கள்? தனிநபர் சட்டத்தைத் தொடக் கூடாது என்பதில் அந்த வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் உறுதி என்று அவரே சொன்னார்.

காயல்காற்று

கத்தார் தம்பி சொன்னது முக்கியம். நம்மூரில் இதை "மதம் எதிர் மதச்சார்பின்மை" என்ற ஒரே கோட்டில் வைத்துப் பார்க்கிறோம். அந்தக் கோட்டில் வைத்தால் 2011 முதல் 2014 வரை அங்கே நடந்தது புரியவே புரியாது.

முதலில், புரட்சி எங்கே தொடங்கியது என்று பாருங்கள். தலைநகரிலோ கடலோரச் சுற்றுலா ஊர்களிலோ அல்ல. உள்நாட்டில், சீதி பூசித் என்ற ஊரில். 2010 டிசம்பர் 17 அன்று முஹம்மத் பூஅஸீஸி என்ற தள்ளுவண்டி வியாபாரியின் சரக்கையும் தராசையும் நகராட்சி ஆட்கள் பறித்துக்கொண்டார்கள். முறையிடப் போனார், யாரும் கேட்கவில்லை. ஆளுநர் அலுவலகத்துக்கு முன்னால் தீ வைத்துக்கொண்டார். 2011 ஜனவரி 4 அன்று இறந்தார். ஜனவரி 14 அன்று பென் அலி சவூதிக்கு ஓடினார். அதற்கும் முன்னால் 2008இல் கஃப்ஸா பகுதிச் சுரங்க ஊர்களில் மாதக்கணக்கில் போராட்டம் நடந்தது. பாஸ்பேட் சுரங்கத்தில் வேலைக்கு எடுத்த பட்டியலில் தில்லுமுல்லு என்பதுதான் அதற்குக் காரணம். வேலையும் மரியாதையும்தான் கேட்டார்கள். ஷரீஅத்தைக் கேட்டோ எதிர்த்தோ தெருவுக்கு வந்த கூட்டம் இல்லை அது.

அப்புறம் 2012. அரசமைப்பு எழுதும் அவையில் ஒரு வரைவுப் பிரிவு, குடும்பத்தில் பெண் ஆணுக்குத் துணைநிரப்பி என்பது போல வந்தது. ஆகஸ்ட் 13, சட்டம் பிறந்த அதே நாளில், துனிஸ் வீதிகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் இறங்கினார்கள். முக்காடு போட்டவர்களும் இருந்தார்கள், போடாதவர்களும் இருந்தார்கள். அந்த வாசகம் கைவிடப்பட்டது. பேனாமுனை சொன்ன "பெரும்பான்மை திரும்ப வாங்கிக்கொள்ளும்" என்பது அங்கே தோற்றுப்போனது.

2013 பயங்கரமான ஆண்டு. பிப்ரவரியில் இடதுசாரித் தலைவர் ஷுக்ரி பிலயீத் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜூலை 25இல் இன்னோர் எதிர்க்கட்சித் தலைவர் முஹம்மத் பிராஹிமி. இடையில் ஜூலை 3இல் எகிப்தில் ராணுவம் அதிபர் முர்ஸியைத் தூக்கியெறிந்தது, ஆகஸ்டில் கெய்ரோவில் பெரும் படுகொலை. துனிசியாவும் அந்த வழியில்தான் போகும் என்று எல்லோரும் பயந்தார்கள். போகவில்லை. துனிசிய ராணுவம் சின்னது, எகிப்து ராணுவத்தைப் போலத் தொழிற்சாலையும் நிலமும் வைத்திருக்கும் ராணுவம் அல்ல. அதைவிட முக்கியம், இரண்டு தரப்பையும் மேசைக்கு இழுத்து உட்கார வைக்கும் பலம் உள்ள ஒரு அமைப்பு அங்கே இருந்தது: 1946இல் தொடங்கிய பொதுத் தொழிலாளர் சங்கம். அதோடு முதலாளிகள் சங்கம், மனித உரிமைக் கழகம், வழக்கறிஞர் சங்கம் மூன்றும் சேர்ந்தன. தொழிலாளியும் முதலாளியும் ஒரே பக்கம் உட்கார்ந்து அரசியல்வாதிகளிடம் "முடித்துக்கொண்டு எழுந்திருங்கள்" என்று சொன்ன காட்சியை வேறு எங்கே பார்க்க முடியும்? 2015இல் அந்த நால்வர் குழுவுக்கு நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. அந்நஹ்தா பிரதமர் பதவி விலகினார். தேர்தலில் ஜெயித்த கட்சி, யாரும் துப்பாக்கி காட்டாமல் நாற்காலியை விட்டது.

2014 ஜனவரி 26 இரவு அரசமைப்பு நிறைவேறியது. ஆதரவு 200, எதிர்ப்பு 12, நடுநிலை 4. இஸ்லாம் நாட்டின் மதம் என்ற வரியும் உண்டு, மனச்சான்றுச் சுதந்திரமும் உண்டு. ஒருவரைக் காஃபிர் என்று தூண்டிவிடுவதற்குத் தடையும் உண்டு. தேர்ந்தெடுக்கப்படும் அவைகளில் ஆண் பெண் சமநிலைக்கு அரசு பாடுபட வேண்டும் என்ற பிரிவும் உண்டு. இதை எழுதியவர்களில் பலர் சிறையிலும் நாடுகடத்தலிலும் ஆண்டுகளைக் கழித்தவர்கள். அந்த இரவை நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு நிறைகிறது.

வடகரை

எல்லாம் சரி, அண்ணே. நெஞ்சு நிறைந்தது, வயிறு நிறைந்ததா? அதைத்தான் அந்தப் பத்தாண்டில் யாரும் கேட்கவில்லை. பத்து ஆண்டில் கிட்டத்தட்ட பத்து அரசாங்கம். 2010இல் சுமார் 80 லட்சம் டன் எடுத்த பாஸ்பேட், புரட்சிக்குப் பிறகு பாதியைத் தாண்டவே திணறியது. 2015இல் பார்தோ அருங்காட்சியகத்திலும் சூஸா கடற்கரையிலும் தாக்குதல். சூஸாவில் மட்டும் 38 பேர் செத்தார்கள். சுற்றுலா படுத்துவிட்டது. 2016இல் சர்வதேச நாணய நிதியத்தின் கடன், அதோடு வந்த சிக்கன நடவடிக்கை. உள்நாட்டு ஊரான கஸ்ஸரீனில் வேலை கேட்டு நின்ற பையன் 2011இலும் நின்றான், 2016இலும் நின்றான். படகேறி இத்தாலிக்குப் போனவன் கடலில் போனான்.

அரசமைப்பில் எத்தனை அழகான பிரிவு இருந்தாலும், அந்தப் பையனுக்கு அதில் ஒரு வரிகூடச் சோறு போடவில்லை. 2021 ஜூலை 25 அன்று அதிபர் கைஸ் சயீத் நாடாளுமன்றத்தை முடக்கியபோது கார் ஹாரன் அடித்துக் கொண்டாடியது யார்? அந்த மக்கள்தான். கோவிட் உச்சத்தில் ஆக்ஸிஜன் இல்லாமல் ஆட்கள் செத்துக்கொண்டிருந்த மாதம் அது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நீதிமன்றவாசல்

வடகரை சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கோபம் கொண்ட மக்கள் எல்லா நாட்டிலும் உண்டு, எல்லா நாட்டிலும் ஒரே ஆள் மொத்த அதிகாரத்தையும் எடுத்துக்கொள்வதில்லை. துனிசியாவில் ஏன் முடிந்தது? என் தொழில் வழக்காடுவது என்பதால் இந்த ஓர் இடத்தை மட்டும் விரித்துச் சொல்கிறேன்.

2014 அரசமைப்பின்படி ஓர் அரசமைப்பு நீதிமன்றம் அமைய வேண்டும். 12 நீதிபதிகள்: நாடாளுமன்றம் நால்வரைத் தேர்ந்தெடுக்கும், உயர் நீதித்துறை மன்றம் நால்வர், அதிபர் நால்வர். தேர்தலுக்குப் பின் ஓராண்டுக்குள் அமைத்திருக்க வேண்டும். நாடாளுமன்றத்தில் ஒரு பெயர் தேற மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 145 வாக்கு வேண்டும். கட்சிகள் "உன் ஆள் வேண்டாம், என் ஆள் வேண்டும்" என்று சுற்றுச் சுற்றாக வாக்கெடுத்தன. 2018இல் ஒரே ஒருவர் தேறினார். அதோடு நின்றது. 2021 மார்ச்சில் அந்த வாக்கு எண்ணிக்கையைக் குறைக்க ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள், கெடு எப்போதோ முடிந்துவிட்டது என்று சொல்லி அதிபர் சயீத் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

இப்போது ஜூலை 25க்கு வாருங்கள். சயீத் காட்டியது 80ஆம் பிரிவு. நாட்டுக்கு உடனடி ஆபத்து வந்தால் அதிபர் சிறப்பு நடவடிக்கை எடுக்கலாம். ஆனால் அந்தக் காலம் முழுவதும் நாடாளுமன்றம் கூடியே இருக்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. அவர் வாசலில் ராணுவ வண்டியை நிறுத்தி அதைப் பூட்டினார். பிரிவுக்கு நேர் எதிர். முப்பது நாள் கழித்து "இந்த நிலை இன்னும் நீடிக்கிறதா" என்று கேட்டு சபாநாயகரோ 30 உறுப்பினர்களோ அரசமைப்பு நீதிமன்றத்துக்குப் போகலாம். எந்த நீதிமன்றத்துக்கு? அப்படி ஒன்று இல்லவே இல்லை. பூட்டிய கதவைத் திறக்கச் சொல்லி மனுக் கொடுக்க ஒரு ஜன்னல்கூட இல்லாமல் போனதற்கு அந்நஹ்தா, மதச்சார்பற்ற கட்சிகள், அதிபர் எல்லோருமே பொறுப்பு.

பேனாமுனை

நல்ல விளக்கம். ஆனாலும் என் கேள்வி அப்படியே நிற்கிறது, இன்னும் கூர்மையாகவே நிற்கிறது. மேலிருந்து ஆணையாக வந்த 1956 சட்டம் இன்றைக்கும் அமலில் இருக்கிறது. கீழிருந்து, பேசி, விட்டுக்கொடுத்து, 200 பேர் கை தூக்கி வந்த 2014 அரசமைப்பு, சயீத் வேறோர் அரசமைப்பைக் கொண்டுவந்ததும், எட்டரை ஆண்டில் போய்விட்டது. அப்படியானால் பேச்சுவார்த்தைக்கு என்ன மதிப்பு?

காயல்காற்று

இந்தக் கேள்விக்காகத்தான் இந்த இழையே, பேனாமுனை. நான் நினைப்பதைச் சொல்கிறேன்.

1956 சட்டம் 1956இல் நின்றிருந்தது பூர்கிபாவின் அதிகாரத்தில். 2012இல் அது நின்றது அவருடைய அதிகாரத்தில் இல்லை. அவர் இறந்து 12 வருடம் ஆகியிருந்தது, அவர் கட்டிய கட்சியைப் புரட்சி கலைத்திருந்தது. காப்பாற்ற மேலே யாருமே இல்லாத நேரத்தில்தான் அந்தச் சட்டத்துக்கு உண்மையான சோதனை வந்தது. அப்போது தாங்கிப் பிடித்தது யார்? மணவிலக்குக்கு நீதிமன்றம் போன பெண்கள். தாய் அப்படிப் போனதைப் பார்த்து வளர்ந்த மகள்கள். வக்கீலாகவும் ஆசிரியராகவும் தொழிற்சங்கக் கிளைச் செயலாளராகவும் ஆனவர்கள். ஐம்பத்தைந்து வருடம் வீட்டுக்குள் புழங்கிய சட்டம் அது. திருமணப் பதிவேட்டிலும் பள்ளிச் சேர்க்கையிலும் ஜீவனாம்ச வழக்கிலும் அதைத் தொட்டுப் பார்த்தவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். அந்நஹ்தாவுக்கே அதைத் தொடும் துணிச்சல் இல்லாமல் போனது ஏன்? தன் சொந்தப் பெண் உறுப்பினர்கள் ஏற்கமாட்டார்கள் என்பதும் ஒரு காரணம். அவர்களுடைய மெஹ்ரெஸியா லபீதி முக்காடு போட்டுக்கொண்டு அதே அவையின் துணைத் தலைவராக இருந்தவர்.

2014 அரசமைப்புக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை. அதன் பேரில் ஒரு குடிமகன் ஒரு வழக்குப் போட்டு ஜெயித்து, "இது என்னைக் காப்பாற்றியது" என்று ஊரில் சொல்லும் நிலை வரவில்லை, ஏனென்றால் வழக்குப் போட வேண்டிய நீதிமன்றத்தையே கட்டவில்லை. அதைப் பறித்தபோது தங்களிடமிருந்து எதுவோ பறிபோகிறது என்று சீதி பூசித்தில் யாருக்கும் தோன்றவில்லை. மேலா கீழா என்பதைவிட இதுதான் என் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறது: ஒரு சட்டம் சாதாரண மனிதரின் கையில் எத்தனை நாள் இருந்தது, அதை வைத்து அவர் எதைச் சாதித்தார் என்பது.

இன்னொன்று. பலமான ஆள் வந்தால் பெண்களுக்கு நல்லது என்ற வாதத்தை இப்போதைய துனிசியாவில் வைத்துப் பாருங்கள். சயீத் 2021இல் அரபு உலகின் முதல் பெண் பிரதமராக நஜ்லா பூதனை நியமித்தார், 2023இல் ஒரு நள்ளிரவு அறிவிப்பில் நீக்கினார். 2011 முதல் வேட்பாளர் பட்டியலில் ஆணும் பெண்ணும் மாறி மாறி வர வேண்டும் என்று சட்டம் இருந்தது. 2018 நகராட்சித் தேர்தலில் கிட்டத்தட்ட பாதி இடங்களில் பெண்கள் வந்தது அதனால்தான். துனிஸ் நகரத்துக்கு முதல் பெண் மேயரும் வந்தார். 2022இல் சயீத் அந்தப் பட்டியல் முறையையே எடுத்துவிட்டார். அந்த டிசம்பரில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்தவர்கள் சுமார் 11 விழுக்காடுதான்.

இன்று சிறையில் இருப்பது யார் யார்? அந்நஹ்தாவின் ராஷித் கன்னூஷியும் சிறையில், அவரை நாள்தோறும் வசைபாடிய அபீர் மூசியும் சிறையில். இஸ்லாமியவாதி, இஸ்லாமியவாத எதிர்ப்பாளர் இருவருக்கும் ஒரே கதி.

வடகரை

2024 அக்டோபர் அதிபர் தேர்தலையும் சேர்த்துச் சொல்லுங்கள் அண்ணே. 90 விழுக்காட்டுக்கு மேல் வாங்கி ஜெயித்தார், வாக்களிக்க வந்தவர்கள் சுமார் 29 விழுக்காடு. 2021இல் ஹாரன் அடித்தவர்களில் பெரும்பாலோர் இப்போது வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. மாவும் சர்க்கரையும் வாங்க வரிசையில் நிற்பது மட்டும் மாறவில்லை.

மட்டுநகர் வாசகி

இத்தனை விவரம் எதிர்பார்க்கவில்லை, ஜஸாகல்லாஹு கைர். ஒரு சந்தேகம் மட்டும். வாரிசுரிமையிலும் துனிசியா சமபங்கு கொடுத்துவிட்டது என்று இங்கே பலர் சொல்கிறார்கள். அப்படியா?

நீதிமன்றவாசல்

இல்லை. 1956 சட்டம் வாரிசுரிமையில் பழைய கணக்கைத்தான் வைத்தது: மகனுக்கு இரண்டு பங்கு என்றால் மகளுக்கு ஒன்று. 1959இல் ஒரு முக்கியமான திருத்தம் வந்தது. மகன் இல்லாமல் மகள்கள் மட்டும் இருக்கும் வீட்டில், முன்பு மீதிப் பங்கைக் கேட்டுப் பெரியப்பாவும் சித்தப்பாவும் வருவார்கள். திருத்தத்துக்குப் பிறகு அந்த மீதியும் மகள்களுக்கே திரும்பியது. 'ரத்து' (மீதியைத் திருப்பிக் கொடுத்தல்) என்று ஃபிக்ஹில், அதாவது இஸ்லாமியச் சட்டவியலில், ஏற்கெனவே இருந்த முறையை விரித்து இதைச் செய்தார்கள்.

2018இல் அதிபர் எஸ்ஸெப்ஸி முழுச் சமபங்குக்கு ஒரு மசோதா கொண்டுவந்தார். பொதுவிதி சமபங்கு; பழைய முறைப்படியே பிரிக்க விரும்புகிறவர் உயிரோடு இருக்கும்போதே எழுதிப் பதிவு செய்துவிடலாம். இரண்டு தரப்புக்கும் இடம் கொடுத்த ஏற்பாடு. அந்நஹ்தா எதிர்த்தது, மசோதா நாடாளுமன்றத்தில் கிடந்தது, 2019 ஜூலையில் அவர் இறந்தார். அடுத்து வந்த சயீத், 2020 ஆகஸ்ட் 13 பெண்கள் தின உரையிலேயே, குர்ஆனின் வசனம் தெளிவாக இருக்கிறது, இதில் பேச ஒன்றுமில்லை என்ற நிலையை எடுத்தார். மசோதா அதோடு முடங்கியது.

கத்தார் இரவுப்பணி

அந்த 2018 மசோதாவை நான் ஆதரிக்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். பங்கு குர்ஆனில் எண்ணிக்கையோடு வந்திருக்கிறது, அதில் கைவைப்பது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் மணப்பெண் கையெழுத்து, திருமண வயது, பெண் காதி இவற்றுக்கு அந்தத் தடை எதுவும் கிடையாது. வாசகி ராத்தா, உங்கள் கூட்டத்தில் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் எதிர்ப்பவர்களுக்கு வேலை சுலபமாகிவிடும்.

பேனாமுனை

நான் அந்த மசோதா நிறைவேறியிருக்க வேண்டும் என்று நினைப்பவன். எழுதிவைத்து விலகிக்கொள்ளும் உரிமையும் கொடுத்த பிறகு என்ன ஆட்சேபம்? ஆனால் கையெழுத்து விஷயத்தை முதலில் தனியாக எடுக்க வேண்டும் என்பதில் தம்பியோடு ஒத்துப்போகிறேன்.

மட்டுநகர் வாசகி

அப்படியே செய்கிறோம். அடுத்த கூட்டத்தில் தாஹிர் ஹத்தாத்தைப் பற்றித் தொடங்கலாம் என்று இருக்கிறேன். "மேற்கத்திய இறக்குமதி" என்று சொல்பவர்கள் ஸைதூனாவில் ஓதியவரைப் பற்றிக் கேட்கட்டும். நீதிமன்றவாசல் ஐயா, 1956 சட்டத்தில் திருமணச் சம்மதம், வயது பற்றிய பிரிவுகளையும் 1959 திருத்தத்தையும் இரண்டு பக்கத்துக்குள் தமிழில் எழுதித் தர முடியுமா? எங்கள் மௌலவி ஒருவர் வாசித்துப் பார்க்கத் தயாராக இருக்கிறார்.

நீதிமன்றவாசல்

எழுதித் தருகிறேன். 1964, 2007 திருத்தங்களையும் சேர்த்துவிடுகிறேன், வயது படிப்படியாகத்தான் ஏறியது என்பது உங்கள் மௌலவிக்குத் தெரிய வேண்டும். இந்த இழையிலேயே போடுகிறேன், காயல் காக்கா ஒருமுறை சரிபார்த்துக் கொடுக்கட்டும்.